ஹோவர்ட் காலேஜ் கட்டடம்: நீங்கள் கேட்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மேட்டின் உச்சியில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் தூண்களும் குவிமாடமும் வைத்து நிற்கிறதே ஹோவர்ட் காலேஜ் கட்டடம், அதைப் பற்றிப் போன மாதம் ஒரு தமிழ் வகுப்பில் பேசினேன். ஒரு மணி நேரம் போதவில்லை. அதற்கப்புறம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மாரிட்ஸ்பர்க் என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. நான் பேராசிரியர் அல்ல. கொத்து வேலைக் குடும்பத்தில் பிறந்து, முப்பத்தொரு வருடம் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை செய்தவன். சுவரைத் தட்டிப் பார்த்துக் கற்றதும், அதனோடு சேர்த்துப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கின்றன.

அங்கிள், நான் அந்தக் கட்டடத்தில்தான் சட்டம் படிக்கிறேன். ஹோவர்ட் என்பது யார்? எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. (ஃபீனிக்ஸ், மாணவி)

ஒரு இளைஞன் பெயர், மகளே. முழுப்பெயர் ஹோவர்ட் டேவிஸ். முதல் உலகப் போரில் பிரான்சில் சோம் சண்டையில் காயம்பட்டு 1916இல் இறந்துபோனான். அவனுடைய அப்பா டி.பி. டேவிஸ், ஜெர்சி தீவில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறியவர். டர்பன் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலில் பெரும் பணக்காரர் ஆனார். மகன் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் இது. 1931இல் திறந்தார்கள். ஜெர்சியில் மகன் பெயரில் ஒரு பூங்காவும் அமைத்தார். மாலுமிப் பயிற்சிக்கு 'ஜெனரல் போத்தா' கப்பலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

ஆக, நீ தினமும் ஏறுகிற படி ஒரு அப்பாவின் துக்கத்தில் கட்டியது. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார். மேட்டில் நின்று கடல் பக்கம் திரும்பினால் துறைமுகம் தெரியும். அங்கே பெரும்பாலும் ஜூலு ஆட்கள் முதுகில் மூட்டை சுமந்தார்கள். கீழே சுமந்த சுமை மேலே தூணாக நிற்கிறது. அவர்கள் பிள்ளைகளோ நம் இந்தியப் பிள்ளைகளோ அன்றைக்கு வெள்ளையருக்கு மட்டுமான அந்தப் படியில் மாணவராக ஏற முடியாது. இந்தத் துறைமுகம் கீழே இன்னொரு பதிலிலும் வரும், நினைவில் வைத்துக்கொள்.

ஐயா, கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறேன். இதை என்ன பாணி என்று எழுதுவது? குவிமாடம் எதற்கு? (டர்பன், மாணவர்)

கிரேக்க, ரோமானிய முறையைப் பின்பற்றிய செவ்வியல் பாணி என்று எழுதலாம். 1910இல் தென்னாப்பிரிக்க யூனியன் உண்டான பிறகு அரசாங்கக் கட்டடம், கல்லூரி, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் இந்த முகம் வந்துவிட்டது. பிரிட்டோரியாவில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த யூனியன் பில்டிங்ஸ் அதற்கு வழிகாட்டி.

பெயரை விடு, கண்ணால் பார். நடுவில் ஒரு கோடு போட்டால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும். நடுவே தூண் வரிசை, மேலே குவிமாடம், இரண்டு பக்கமும் நீண்ட கைகள். நேரே நடந்து வருகிறவனை நடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகிற அமைப்பு அது. பிறகு டவுனுக்கு இறங்கிப்போய் 1910இல் முடிந்த சிட்டி ஹாலைப் பார். அதுவும் குவிமாடக் கட்டடம்தான், பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தின் சாயல். ஆனால் அங்கே ஒரு சாண் சுவர் வெறுமையாக இருக்காது. சிலை, தோரணம், வளைவு என்று இழைத்திருப்பார்கள். ஹோவர்டில் அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. வெறும் சுவர் நிறைய. வெயிலும் நிழலும்தான் அலங்காரம். காலை எட்டு மணிக்குப் போய்த் தூண் நிழல் சுவரில் விழுவதைப் பார்த்துவிட்டு, மதியம் ஒருமுறை போ. இரண்டு வேளையும் வரைந்து பார். புத்தகத்தைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

குவிமாடம் எதற்கு என்றால், தூரத்திலிருந்து தெரிவதற்கு. துறைமுக ஊரில் மேட்டு உச்சியில் கட்டுகிறவன் கடலிலிருந்து பார்ப்பவனையும் மனத்தில் வைத்துத்தான் கட்டுவான். நம் கோயில் விமானம் செய்கிற வேலைதான்.

இன்னொன்று, இது உன் பாடத்தில் இருக்குமோ என்னவோ: காலுக்குக் கீழே இருக்கும் மண். கட்டடம் நிற்கிற இந்தப் பெரீயா மேடு முழுக்கச் செம்மணல். மிகப் பழைய கடற்கரை மணல்மேடுகள் காலப்போக்கில் இரும்புத் துரு ஏறிச் சிவந்து போனவை. காய்ந்திருக்கும்போது கடப்பாரையே துள்ளும், அவ்வளவு கெட்டி. தண்ணீர் இறங்கிவிட்டால் மணல்துகள்களைப் பிடித்திருக்கும் களிமண் இளகி, மேலே பாரம் இருக்கும்போதே சட்டென்று அமுங்கிவிடும். அதனால் இந்த மேட்டில் சுவர் வெடித்திருந்தால் நான் முதலில் சுவரைப் பார்க்க மாட்டேன். மழைநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது, சாக்கடை எங்கே உடைந்திருக்கிறது என்று மண்ணைத்தான் பார்ப்பேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்களை இழந்தோமே, அப்போது சரிவுகளில் எத்தனை வீடுகள் இறங்கின என்று இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, எனக்கு வயது 81. அந்தக் கட்டடத்தை எல்லாம் நம் ஆட்கள்தான் கட்டினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். உண்மையா? (சாட்ஸ்வொர்த், ஒரு ஆயா)

ஆயா, ஹோவர்ட் கட்டடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண் வெட்டியது, செங்கல் சுமந்தது, சாந்து குழைத்தது போன்ற வேலைகளுக்கு நம் ஆட்களும் ஆப்பிரிக்க ஆட்களும்தான் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கரணை பிடித்து மூலை எடுக்கிற கொத்தனாராக நம்மவர் பெரிய வேலைத்தளத்தில் நிற்பது 1920களுக்குப் பிறகு மிகக் கடினம். காரணம் 1922இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம். கைத்தொழில் பழக வேண்டுமானால் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும், தொழில் வகுப்புக்கும் போக வேண்டும் என்றது. எழுத்தில் நிறம் பற்றி ஒன்றும் கிடையாது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியே போதாது, தொழில் வகுப்பு கிடையாது, சேர்த்துக்கொள்ள முதலாளியும் கிடையாது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தொழில் அந்தச் சட்டத்தால் பல வீடுகளில் அறுந்துபோனது. எங்கள் தாத்தா கொத்தனார். அப்பா கடைசிவரை 'கூலியாள்' என்றே சம்பளம் வாங்கினார், அதே கையால் அதே வேலையைச் செய்தும்.

ஆனால் நம் ஆட்களுக்குக் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் மவுண்ட் எட்ஜ்கும் கணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கரும்புத் தோட்டத்து நடுவில் 1899 வாக்கில் கிருஷ்டப்ப ரெட்டி எழுப்பியது. அவரும், கொத்தனார் ராம்சாமி பிள்ளை போன்றவர்களும் நேட்டால் மாகாணம் முழுக்கக் கோயில் கட்டினார்கள். ராம்சாமி பிள்ளைக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டமே 'கொத்தனார்' என்பதைப் பாருங்கள்! கருங்கல் கிடையாது, சிற்பிக் கூட்டம் கிடையாது. செங்கல்லும் சாந்தும் கைப்பழக்கமும் வைத்துக்கொண்டு, ஊரில் பார்த்த விமானத்தை நினைவிலிருந்தே எடுத்தார்கள். ஹோவர்ட் குவிமாடத்தை நான் ரசிக்கிறேன். ஆனாலும் எட்ஜ்கும் கோயில் முன்னால் நிற்கும்போதுதான் என் கை தானாகக் கூப்பும், அது சாமிக்கு மட்டும் அல்ல.

வணக்கம் ஐயா. நான் சாஸ்திரி கல்லூரியில் படித்தவன், பின்னர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமாக இருந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். (டொங்காட்)

அவர்களை என்னிடம் அனுப்புங்கள் ஐயா. உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஹோவர்ட் காலேஜ் திறந்தது 1931. அதே மேட்டின் அடிவாரத்தில், கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தின் பக்கம், சாஸ்திரி கல்லூரி திறந்தது 1929 அக்டோபரில். இரண்டு வருட இடைவெளிதான். கும்பகோணத்துக்குப் பக்கம் வலங்கைமானில் ஒரு புரோகிதர் வீட்டில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்தார். ஆங்கிலம் பேசினால் எதிரியும் உட்கார்ந்து கேட்பான் என்று பெயர் வாங்கியவர். வந்ததும் அவர் கண்ணில் பட்டது, நம் பையன்களுக்கு ஒழுங்கான உயர்நிலைப் பள்ளி இல்லை என்பது. கடைக்காரர், தோட்டக்காரர் என்று நம் மக்களிடமே பணம் திரட்டிக் கட்ட வைத்தார். ஹோவர்டுக்கு ஒரே ஒரு பணக்காரர், சாஸ்திரிக்கு ஒரு சமூகம் முழுக்க. பாடம் நடத்த இந்தியாவிலிருந்தே ஆசிரியர்களையும் வரவழைத்தார்கள்.

பள்ளி கிடைத்தது. அதற்கு மேலே படிக்க? டாக்டர் கே. குணம் அம்மா 1928இல் எடின்பரோவுக்குக் கப்பலேறினார், மருத்துவம் படிக்க. டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்குத் தன் ஊரில் அந்தப் படிப்பு கிடையாது. அவர் படித்து முடித்துத் திரும்பிய 1936இல்தான் மேபல் பாமர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் விடாப்பிடியால் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. எங்கே? மேலே அந்தக் குவிமாடத்தின் கீழ் அல்ல, உங்கள் சாஸ்திரி கல்லூரியில்! பகலில் பையன்கள் உட்கார்ந்த அதே பெஞ்சில், சாயங்காலமும் வார இறுதியிலும் வேலை முடிந்து வந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பட்டப்படிப்பு படித்தார்கள். மேலே காலையில் நடத்திய பாடத்தையே அதே பேராசிரியர்கள் கீழே இறங்கி வந்து இன்னொரு தடவை நடத்தினார்கள். ஒரே பாடம், ஒரே பட்டம், இரண்டு கட்டடம். பின்னால் வார்விக் அவென்யூ பக்கம் சிட்டி பில்டிங்ஸ் என்ற இடத்துக்கும் வகுப்புகள் போயின.

அதனால் ஹோவர்ட் கட்டடத்தைக் காட்ட யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் நான் மேலே தொடங்குவதில்லை. சாஸ்திரி கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்துதான் கதையைத் தொடங்குவேன். பக்கத்திலேயே எம்.எல். சுல்தான் கட்டடமும் இருக்கிறது. 1890இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர் சுல்தான், பின்னால் வாழைத் தோட்டம் போட்டுச் சம்பாதித்ததைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். நான் இரவு வகுப்பில் வரைபடம் போடக் கற்றதும் அங்கேதான்.

மாரிட்ஸ்பர்க்காரங்களை மறந்துவிட்டீர்களே அண்ணா! பழைய கட்டடம் என்றால் எங்களுடையதுதான் மூத்தது.

சரிதான், மறக்கவில்லை. நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்ததே உங்கள் ஊரில். முதலில் மாரிட்ஸ்பர்க் காலேஜ் பள்ளியின் வகுப்பறைகளை இரவல் வாங்கித்தான் பாடம் நடத்தினார்கள். ஸ்காட்ஸ்வில்லில் உள்ள மணிக்கூண்டு வைத்த பழைய மெயின் பில்டிங்குக்கு 1910 டிசம்பர் 1 அன்று கன்னாட் கோமகன் அடிக்கல் வைத்தார், 1912இல் குடிபுகுந்தார்கள். உங்கள் ஊர்ச் செங்கல்லின் நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிட்டி ஹாலிலும் அதே சிவப்புதான். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் பார்த்தால் கட்டடம் உள்ளிருந்து எரிவதுபோல இருக்கும்.

வேலைக்காரனாக ஒன்று: பூசாத செங்கல் கட்டடத்தை உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ விடாதீர்கள். சூளையில் வெந்த மேல்தோல் போய்விட்டால் செங்கல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும்.

அப்பா சாலிஸ்பரி தீவில் படித்தார், அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அங்கே என்ன கட்டடம் இருந்தது? (இஸிப்பிங்கோ)

என் பெரிய அண்ணனும் அங்கே போனவர்தான். அவரும் நெடுநாள் பேசவில்லை.

1959இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகம் என்றார்கள். அதன்படி இந்தியர்களுக்கான கல்லூரியை 1961இல் திறந்தார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் சாலிஸ்பரி தீவு. டர்பன் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிற தீவு. போர்க்காலத்தில் கடற்படை விட்டுவிட்டுப் போன பாசறைக் கொட்டகைகள். அண்ணன் சொல்வார்: காலையில் படகுக்கு நிற்கும்போது கோட்டும் டையும் கட்டாயம். கடல்காற்றில் சட்டை பிசுபிசுக்கும், டீசல் நாற்றம் வேறு. உள்ளே சிப்பாய்கள் படுத்திருந்த கூடத்தில் தத்துவப் பாடம்.

டேவிஸின் பணம் வந்தது இந்தத் துறைமுகத்திலிருந்துதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் பணம் மேட்டுக்கு ஏறி வெள்ளை மாணவர்களுக்குக் குவிமாடமாக நின்றது. முப்பது வருடம் கழித்து நம் பிள்ளைகளை அதே துறைமுகத்து நடுவில் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தீவில் நின்று நிமிர்ந்தால் மேடு தெரியும். அண்ணன் தினமும் பார்த்திருக்கிறார். உங்கள் அப்பாவும் பார்த்திருப்பார்.

ஆனால் அங்கே பிள்ளைகள் தலைகுனிந்து இருந்துவிடவில்லை. நிர்வாகம் ஆட்டுவிக்கிற மாணவர் பேரவை எங்களுக்கு வேண்டாம் என்று அதை அமைக்கவே மறுத்தார்கள். ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்று பின்னால் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தில் முன்னே நின்ற நம் பிள்ளைகள் அந்தத் தீவிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள். 1972இல் கல்லூரி வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே தமிழ்த்துறையும் இருந்தது. 1990களின் இறுதியில் அது இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 2004இல் நேட்டாலும் வெஸ்ட்வில்லும் சேர்ந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம். தீவு இன்று கடற்படை வசம், நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது.

அப்பாவிடம் "என்ன நடந்தது" என்று கேட்காதீர்கள். "படகு எங்கே ஏறுவீர்கள், என்ன டை கட்டினீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். என் அண்ணன் அப்படித்தான் வாய் திறந்தார்.

அடைத்து வைத்தவன் கட்டடத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன? (பெயர் வேண்டாம் என்றவர்)

கோபம் எனக்குப் புரிகிறது, அது தப்பான கோபம் அல்ல. கட்டடத்துக்கு முன்னால் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலைமேல் 2015இல் பெயின்ட் ஊற்றினார்கள். அதற்காக நான் தூக்கம் இழக்கவில்லை. 2016 செப்டம்பரில் கட்டணப் போராட்டத்தின்போது அங்கே சட்ட நூலகம் எரிந்ததே, அன்றைக்கு அழுதேன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளின் கேள்வி நியாயமானது. எரிந்ததோ அந்தப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த புத்தகம்.

சட்டப்படி, 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. 1999ஆம் வருடச் சட்டம் அது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. கட்டடத்தை இடித்துவிட்டால், நம்மை வெளியே நிறுத்திய வாசல் எது என்று பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டுவது? இன்று அந்த வாசலில் மேலே எழுதிய ஃபீனிக்ஸ் மகள் புத்தகப் பையோடு நுழைகிறாள். நம் பிள்ளைகளின் பெயரும் சாஸ்திரி கல்லூரி வகுப்புகளின் கதையும் பொறித்த ஒரு கல்வெட்டை அதே வாசலில் வைக்கச் சொல்லிக் கேட்போம். கையெழுத்து வாங்க நான் வருகிறேன்.

கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று அங்கே பார்க்க முடியுமா?

ஹோவர்டில் அல்ல, வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போங்கள். காந்தி-லுத்துலி ஆவண மையம் அங்கே இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்தான் காலனி நம்பர். குடும்பத்தில் யாரிடமாவது கொள்ளுத்தாத்தாவின் அந்த நம்பர் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், தேடுவது எளிது.

மாமா, எங்கள் வீடு 1930களில் கட்டியது. பூச்சு பொருமிப் பொருமி விழுகிறது. சிமென்ட் வைத்துப் பூசிவிடட்டுமா? (மேவில்)

வேண்டாம், கொஞ்சம் பொறு!

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்று முதலில் பார். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஒரு ஆணியால் சுரண்டு. மாவாக வெள்ளையாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆணி வழுக்கினால் சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் பூச்சு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடலோர ஊர் நம்முடையது, ஈரத்தில் உப்பு இருக்கும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பருத்து, பூச்சையும் தள்ளி, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். நான் வேலை பார்த்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் மேற்பார்வையாளர் கேட்கவே இல்லை, முழுக்கச் சிமென்ட் பூச வைத்தார். மூன்றாம் மழைக்காலத்தில் கதவளவு பாளம் பாளமாக இறங்கியது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

செய்ய வேண்டியது இது. கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயும் குழாயும் ஒழுகாமல் முதலில் சரிசெய். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளமோ பூச்செடி மண்ணோ இருந்தால் ஒரு சாண் தள்ளி எடு. பொருமிய இடத்தை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை விடு. மாதக் கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும், கடல் மணல் வேண்டவே வேண்டாம். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெதுவாக உலரவிடு. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதே, சுண்ணாம்பு வெள்ளையே போதும். ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைப்பார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அது இல்லாமலும் நிற்கும்.

கொத்த ஆரம்பிப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டி, 'டொக்' என்று பொத்தலாகக் கேட்கும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வை. சனிக்கிழமை வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம்.